முகம் பேணும் தொழிலும் அமெரிக்க நாட்டுப் பரீட்சையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எம்மைப் பேசப் பணித்த செயலாளர் அவர்கள், "தமிழ்ப் பண்டிதராகிய தாங்கள் இலக்கியம் பற்றியே பேசுவீர்களென்று யாவரும் எதிர்பார்ப்பர், ஆயினும் இம்முறை நம்மவர் குடும்பங்கள் சிலவற்றுக்கு உடனே பயன்படுவதொரு பொருளை எடுத்துக்கொள்ளல் வேண்டும்" என்றனர். அதற்கிணங்க, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எஸ்தெடிஷியன் என்னும் தொழிலுக்கு மாநில அரசாங்கங்கள் நடத்தும் லைசென்ஸ் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் முறையைப் பற்றிச் சில கூறத் துணிந்தோம். இலக்கணம் கற்பிப்போர்க்கு இதில் என்ன வேலையென்று சிலர் நகைக்கலாம். வேலை உண்டென்பது போகப்போக விளங்கும்.

எஸ்தெடிஷியன் என்பது முகத்தையும் தோலையும் பேணுவார்க்கு அந்நாட்டில் வழங்கும் பெயர். முகத்தைத் தூய்மை செய்தல், இறந்த தோலணுக்களை நீக்குதல், நீராவி காட்டுதல், நீவுதல், முகப்பூச்சு இடுதல், மெழுகினால் வேண்டா மயிரைக் களைதல், ஒப்பனை செய்தல் ஆகியவை அவர்தம் பணி. நோயை இன்னதென்று பெயரிட்டுக் கூறுதலும், மருந்து கொடுத்தலும், ஊசி கொண்டு உள்ளே செலுத்துதலும் அவர்க்கு உரியனவல்ல. இந்த எல்லைக்கோட்டை இப்போதே மனத்திற் கொள்க. பரீட்சையின் பாதி உயிர் இக்கோட்டிலேயே இருக்கின்றது.

அந்நாட்டில் இத்தொழிலுக்கு மத்திய அரசாங்கம் லைசென்ஸ் அளிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டம் வகுத்துக்கொண்டுள்ளது. கலிபோர்னியாவில் 600 மணி நேரப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும், டெக்ஸஸில் 750, அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் 1,000. கனெக்டிகட் மாநிலத்திலோ 2020ஆம் ஆண்டு வரையில் இத்தொழிலுக்குத் தனி லைசென்ஸே இருந்ததில்லை. ஆதலின், "என் மகள் அமெரிக்காவில் இப்பரீட்சை எழுதப் போகிறாள், என்ன படிக்க வேண்டும்?" என்று எம்மை வினவுவார்க்கு, "எந்த மாநிலத்தில்?" என்பதே யாம் கூறும் முதல் விடை. ஒரு மாநிலத்தில் பெற்ற லைசென்ஸ் மற்றொன்றில் அப்படியே செல்லாது. மருமகன் இரண்டாண்டுக்கொருமுறை ஊர் மாறும் உத்தியோகத்தினராயின், சேரும் முன்னரே இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி, சென்ற கூட்டம் முடிந்து நாம் கலையும் வேளையில் முதியவர் ஒருவர் எம் கையைப் பிடித்துக்கொண்டு கூறியதை ஈண்டு மறைக்காமற் சொல்லுகின்றோம். "பண்டிதரே! கத்தியும் கண்ணாடியும் சுமந்து தெருத்தெருவாய் நடந்தவர்கள் நாம். அப்பெட்டியை இறக்கி வைப்பதற்காகத்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்? கடல் கடந்து போயும் பிறர் முகத்தைத் தொட்டுப் பிழைப்பதா?" என்றனர் அவர். அவர் கண்ணில் நீர் இருந்தது. அச்சொல்லை எளிதாய்த் தள்ள எம்மால் இயலவில்லை. அவர் பட்ட அவமதிப்பு யாம் நூலிற் படித்ததன்று. அவர் தம் தோளிற் சுமந்தது.

ஆயினும் அப்பெரியவர்க்கு யாம் இரண்டு செய்திகளைப் பணிவுடன் கூறினோம். ஒன்று, நம் முன்னோர் செய்தது சிகையலங்காரம் மட்டுமன்று. கட்டி கீறினர், எலும்பு கட்டினர், நம் பெண்டிர் மருத்துவச்சியராய் நின்று ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையேந்தி வாங்கினர். அத்தொழிலுக்கு இழிவு கற்பித்தது தொழிலின் இயல்பன்று, ஊராரின் மனம். மற்றொன்று, அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தார் 1897ஆம் ஆண்டிலேயே நாவிதத் தொழிலுக்கு லைசென்ஸ் சட்டம் இயற்றினர். இன்று கலிபோர்னியாவில் எஸ்தெடிஷியனாய் வேலை செய்பவள் தன் லைசென்ஸைத் தான் வேலை செய்யுமிடத்தில் வருவோர் காணுமாறு வைத்தல் வேண்டும் என்பது சட்டம். இங்கே எத்தொழிலின் பெயரைச் சொல்ல நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நாணினரோ, அத்தொழிலுக்கு அங்கே அரசாங்க முத்திரை சுவரில் தொங்குகின்றது. பெரியவர் ஒன்றுங் கூறாமற் சென்றார். அவர் மனம் மாறிற்று என்று யாம் சொல்ல வரவில்லை. இக்கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழக்கூடியதாகலின் கூறினோம்.

யாம் இத்துறையை அறிந்தவாறு இது. எம் தமக்கையார் மகள் ஒருத்தி மதுரையில் ஒன்பது ஆண்டுகள் சிறியதோர் அழகு நிலையம் நடத்தியவள். கணவன் வேலையின்பொருட்டுக் கலிபோர்னியாவில் குடியேறியபின், அங்குள்ள பள்ளியொன்றிற் சேர்ந்து 600 மணி நேரமும் முடித்தாள். கையோ பழகிய கை. ஆசிரியைமாரே அவள் நீவுவதைப் பிறர்க்குக் காட்டினராம். ஆயினும் எழுதிய முதற் பரீட்சையில் அவள் தேறவில்லை. தொலைபேசியில் அழுதுகொண்டே, "மாமா! எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். கேட்டது எதுவும் நான் படித்த மாதிரி இல்லை" என்றாள். அதுமுதல் அங்கே மாலை 6 மணிக்கும் இங்கே மறுநாட் காலை 6.30 மணிக்குமாக, ஏறக்குறைய ஏழு வாரம் யாமும் அவளும் அப்புத்தகத்தை வரிவரியாய் உடனிருந்து படித்தோம். அவள் ஆங்கிலத்தில் வாசிப்பாள். யாம், "இதற்குப் பொருள் என்ன, உன் வாயாற் சொல்" என்போம். இரண்டாம் முறை தேறினாள். அவ்வேழு வாரத்தில் கண்டவையே இன்றைய பேச்சின் சரக்கு.

முதலில் இப்பரீட்சை எதனைச் சோதிக்கின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். அழகுபடுத்தும் திறத்தையே சோதிக்கும் என்று கருதுவோர் பலர். கலிபோர்னியச் சட்டம் வகுத்த 600 மணி நேரத்தில் உடல் நலமும் பாதுகாப்பும் பற்றிய பாடத்துக்கு 100 மணியும், கிருமி நீக்கத்துக்கு 100 மணியும் ஒதுக்கப்பட்டுள்ளன. மயிர் களைதல், புருவம், இமை ஆகியவற்றுக்கு உரியன 50 மணியே. 2022ஆம் ஆண்டு தொடங்கி அம்மாநிலத்தார் செய்முறைப் பரீட்சையையே நீக்கிவிட்டனர். எழுத்துப் பரீட்சை ஒன்றே எஞ்சிற்று. அழகைச் சோதிப்பது கருத்தாயின் கைவேலையைப் பாராமல் விடுவாரோ? வருபவர்க்கு இவள் தீங்கு செய்துவிடுவாளோ என்பதே அரசாங்கத்தாரின் கவலை.

அக்கவலை வீண் கவலையன்று. 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வாட்சன்வில் என்னும் ஊரில் நக அலங்காரக் கடையொன்றுக்குச் சென்று வந்த 110 பேருக்கு முழங்காலின் கீழே ஆறாப் புண்கள் தோன்றின. ஆராய்ந்தபோது, கால் நனைக்கும் சுழல்நீர்த் தொட்டிகளின் வடிகட்டித் தகட்டுக்குப் பின்னே மயிரும் தோலும் திரண்டு கிடக்க, அவற்றிடையே ஒருவகை நுண்ணுயிர் பெருகியிருந்தது தெரிந்தது. தொட்டியின் முகப்பு பளபளவென்றே இருந்திருக்கும். தகட்டைக் கழற்றிப் பார்த்தார் இலர். கடைக்குப் போகுமுன் காலைச் சவரம் செய்துகொண்டவர்க்கு நோய் மிகுதியாய் வந்ததென்பதும் அவ்வாராய்ச்சியிற் புலப்பட்டது. சவரக் கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத வாயில்களைத் திறந்துவிடுகின்றது என்பது கத்தி பிடித்த நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பின்னர் 2018ஆம் ஆண்டில், நியூ மெக்ஸிக்கோ மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாததொரு நிலையத்தில் முகத்தில் ஊசி குத்தி இரத்தப் பொருளைத் தடவும் சிகிச்சை பெற்ற பெண்டிர் சிலர்க்கு எச்.ஐ.வி. தொற்றியது வெளிப்படலாயிற்று. அழகு நாடிச் சென்றவர் ஆயுட்கால நோயோடு திரும்பினர். இவ்விரண்டையும் அறிந்தபின் பாடப்புத்தகத்தின் கிருமி நீக்க அதிகாரத்தை எவரும் சோம்பலுடன் புரட்டார்.

அவ்வதிகாரத்திலேயே எம் மருமகள் முதலில் இடறினாள். மூன்று ஆங்கிலச் சொற்கள் அதில் வருகின்றன: கிளீனிங், டிஸின்ஃபெக்‌ஷன், ஸ்டெரிலைஸேஷன். நம் பேச்சு வழக்கில் மூன்றையும் "சுத்தம் பண்ணுதல்" என்ற ஒன்றாலேயே சொல்லிவிடுகின்றோம். மதுரைக் கடையிலும் அவள் அப்படியே சொல்லிப் பழகியவள். பரீட்சையிலோ இம்மூன்றும் மூன்று படிகள். சோப்பும் நீரும் கொண்டு கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் போக்குதல் முதற்படி. அரசாங்கத்தாரிடம் பதிவு பெற்ற கிருமி நீக்கி நீரில், கருவி முழுதும் மூழ்க, புட்டியின் மேற்சீட்டிற் கண்ட நேரம் வரையில் இட்டு வைத்தல் இரண்டாம் படி. சிலவகை நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதைபோற் கிடக்கும். அவற்றையும் எஞ்சாமல் அழித்தல் மூன்றாம் படி. அதற்கு ஆவியழுத்தப் பாத்திரம் போன்றவை வேண்டும். முதற்படியைத் தாண்டாமல் இரண்டாம் படி பயன் தராது. அழுக்கின் அடியிற் பதுங்கிய கிருமியை மருந்து நீர் சென்று தொடாது. யாம் அவளிடம், "அம்மா, எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தைத் தேய்க்காமல் வெந்நீரில் மட்டும் முக்கி எடுப்பாயா?" என்று கேட்டோம். சிரித்தாள். அதன்பின் அவ்வினா ஒருநாளும் தவறவில்லை.

மெழுகுச் சட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஒருவர் தோலைத் தொட்ட குச்சியை மீண்டும் சட்டியில் தோய்த்தல் அங்கே பெருங்குற்றம். தொட்ட குச்சி குப்பைக்கே உரியது. அடுத்த பூச்சுக்குப் புதுக் குச்சி. இதனை எச்சில் என்னும் நம் வழக்கோடு சேர்த்து எண்ணினால் உடனே மனத்திற் பதியும். எச்சில் பார்க்கும் வழக்கத்தைச் சாதி பார்ப்பதற்குப் பயன்படுத்திய ஊரார் அதனைக் கிருமி பார்ப்பதற்குப் பயன்படுத்தியிருப்பாராயின் நாடு எவ்வளவோ முன்னேறியிருக்கும்! இது நிற்க.

அடுத்தது சொற்களின் தொல்லை. தோலைப் பற்றிய பாடம் முழுவதும் கிரேக்கச் சொற்களும் இலத்தீன் சொற்களும் நிறைந்தது. பல மாநிலங்களில் வழங்குவதும், ஏறக்குறைய 100 வினாக்களுக்கு 90 நிமிடம் தருவதுமாகிய பொது எழுத்துப் பரீட்சையில், பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண் இத்தகைய விஞ்ஞானப் பகுதிக்கே செல்லுகின்றது. பிள்ளைகள் இச்சொற்களை நெட்டுருச் செய்கின்றனர். நெட்டுருச் செய்த சொல், வினா சற்றே திரும்பினால் கைவிட்டுப் போகின்றது. இங்கேதான் இலக்கண ஆசிரியனுக்கு வேலை கிடைத்தது. பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பொருள் காண நன்னூலார் நமக்குக் கற்பித்தனர். அக்கத்தி தமிழை மட்டுமா அறுக்கும்? கிரேக்கத்தையும் அறுக்கும். "எபி" என்றால் மேல். "டெர்ம்" என்றால் தோல். எபிடெர்மிஸ் என்பது மேற்றோல். "ஐட்டிஸ்" என்னும் விகுதி எங்கு வரினும் அழற்சியைக் குறிக்கும். ஆகவே டெர்மடைட்டிஸ் தோலழற்சி. "ஹைப்பர்" மிகுதி, "ஹைப்போ" குறைவு. நிறமிகுதிக்கும் நிறக்குறைவுக்கும் உரிய இரண்டு நீண்ட சொற்களில் இச்சிறு வேற்றுமையைக் காணாமல் எத்தனை பேர் மதிப்பெண் இழந்தனரோ, யாம் அறியோம்.

மேற்றோலில் ஐந்து படலங்கள் உள. அவற்றின் இலத்தீன் பெயர்களை எம் மருமகள் ஐந்து மந்திரங்கள்போல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். யாம் அகராதி பார்த்துப் பொருள் கூறினோம். மேலிருந்து முதலாவது "கார்னியம்": கொம்புபோற் கடினமானது, கொம்புப் படலம். அடுத்தது "லூசிடம்": ஒளி புகுவது, தெளிபடலம், இது உள்ளங்கை உள்ளங்கால்களிலே காணப்படுவது. அதன்கீழ் "கிரானுலோஸம்": மணிமணியாய் இருப்பது, மணிப்படலம். பின்னர் "ஸ்பைனோஸம்": முட்படலம். அடியில் இருப்பது "ஜெர்மினேடிவம்": முளைப்படலம், புதிய அணுக்கள் முளைப்பது அங்கேதான். முளைத்தது மேலேறி மேலேறிக் கொம்பாகி உதிர்கின்றது. பெயரின் பொருள் தெரிந்தவுடன் வரிசை தானே நின்றது. எது மேல், எது கீழ் என்று ஒப்பிக்க வேண்டியதே இல்லாமற் போயிற்று. தாய்மொழியிற் பொருளைக் கொண்டு, அதன்மேல் ஆங்கிலச் சொல்லை முத்திரையாகக் குத்துக என்பதே எம் முறை. தமிழில் மட்டும் தெரிந்தாற் போதாது. பரீட்சை ஆங்கிலத்தில் நிகழும். ஆங்கிலத்தில் மட்டும் தெரிந்தால் நில்லாது.

அமில காரப் பாடத்தில் ஒரு கணக்கு உண்டு. நம் தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத்தன்மை உடையது. அளவுகோலில் ஏறக்குறைய 5. குளிக்கும் சோப்புக் கட்டிகளுள் பல 9 வரையிலும் அதற்கு மேலும் காரமாய் இருக்கும். 5க்கும் 9க்கும் நான்கே படிதானே என்று எண்ணற்க. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆகவே நான்கு படி 10,000 மடங்கு. மின்னோட்டப் பாடத்தில், எம்முனை எதற்கு உரியது என்பது ஒன்றையே உறுதியாய்க் கொள்க. எதிர்முனை தோலின் எண்ணெயை இளக்கும். நேர்முனை அமிலப்பொருளை உள்ளனுப்பும். இதயத்திற் கருவி பொருத்தியவர்க்கும் கருவுற்றவர்க்கும் இம்மின்னோட்டம் ஆகாது.

வினாக்களின் போக்கு எவ்வாறு இருக்குமெனில், "முகப்பருவுக்கு ரெட்டினாய்டு களிம்பு தடவி வரும் ஒருத்தி புருவத்துக்கு மெழுகு இட வருகின்றாள், நீ செய்வது யாது?" என்பதுபோல் இருக்கும். விடைகள் நான்கு கொடுக்கப்பட்டிருக்கும். மெல்லியதாய் இடுதல், குளிர்ந்த மெழுகு இடுதல், நல்லெண்ணெய் தடவி இடுதல் என்று மூன்று விடைகள் திறமைசாலியின் மனத்தைக் கவரும். அக்களிம்பு தோலின் மேற்படலத்தை மெலியச் செய்வதால் மெழுகோடு தோலும் உரிந்து வரும். ஆதலின் மெழுகு இடாமல் விடுதலே விடை. பருவுக்கு உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டவராயின், நிறுத்திய பின்னும் பல மாதங்கள் பொறுத்தல் வேண்டும். உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம் கண்டவர்க்கு அன்றைக்கு முகவேலை இல்லை. மச்சம் ஒன்று வடிவும் நிறமும் மாறியிருக்கக் கண்டால், "இது புற்று" என்று கூறலாகாது. "மருத்துவரிடம் காட்டுக" என்பதோடு நிறுத்துக. ஒன்பது ஆண்டு கடை நடத்தியவளுக்கு இவ்வினாக்கள் ஏன் கடினமாயின என்பது இப்போது விளங்கும். வந்தவரைத் திருப்பியனுப்பக் கூடாது என்பதே நம் ஊர்க் கடையின் முதற் பாடம். அங்கே திருப்பியனுப்பத் தெரிந்தவளே தேறுகின்றாள்.

தோலின் நிறம் பற்றிய பகுதியைச் சற்று விரித்துக் கூறுவோம். அது நம்மைப் பற்றியது. தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1975ஆம் ஆண்டில், வெயிலில் எரியுமா, கறுக்குமா என்பதைக் கொண்டு தோலை வகைப்படுத்தினர். கதிர்ச் சிகிச்சையில் எவ்வளவு ஒளி காட்டலாம் என்பதை அறிவதற்காக எழுந்த வகைப்பாடு அது. முதலில் வெள்ளையர் தோலுக்கே நான்கு வகை கூறினர். கரிய தோலுக்குரிய ஐந்தாம் ஆறாம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. நம்மவர் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வரையிலான வகையினர். நிறம் தரும் அணுக்களின் எண்ணிக்கை வெள்ளையர்க்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் நிறமணிகள் நம்மிடத்துப் பெரியனவும் பரவியனவுமாய் உள்ளன, வேற்றுமை அவ்வளவே. இதனைக் கேட்டபோது எம் மருமகள், "மாமா, இதை நான் சின்னப் பிள்ளையாய் இருக்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றாள்.

பயன் கருதி அறிய வேண்டுவது இது: கரிய தோல் சிறு காயத்துக்கும் சூட்டுக்கும் கரும்புள்ளி வைத்துவிடும். கடுமையான அமிலப் பூச்சும், அளவு மீறிய மெழுகுச் சூடும், பருவை நகத்தாற் பிதுக்குதலும் மாதக்கணக்கில் மறையாத கறையைத் தரும். ஆதலின் இவ்வகைத் தோலுக்கு மெல்லிய மருந்தும், முன்சோதனையும், வெயிற்காப்புக் களிம்பும் வேண்டும் என்று பரீட்சை எதிர்பார்க்கும். நம் நாட்டுக் கடைகளிலோ முகத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறும் களிம்புகளை வகை தெரியாமல் தடவிக்கொண்டிருக்கின்றோம். மணப்பெண் என்றாலே வெளுக்க வேண்டும் என்று கருதும் தாய்மார் இக்கூட்டத்திலும் இருப்பர். அவர்கள் எம்மேற் சினந்தாலும் சரி, அவ்வழக்கம் விடத்தக்கதென்றே கூறுவோம்.

செய்முறைப் பரீட்சை நடத்தும் மாநிலங்களும் உள. அங்கே பெட்டி கட்டுதலே பாதிப் பரீட்சை. வேண்டிய பொருள் யாவற்றையும் தானே கொண்டு செல்ல வேண்டும். ஒவ்வொரு புட்டிக்கும் பைக்கும் ஆங்கிலத்திற் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். குப்பைப் பை வேறு. கிருமி நீக்க வேண்டிய கருவிகளின் பை வேறு. பரீட்சகர் ஒன்றும் பேசார், குறித்துக்கொண்டே நிற்பர். இடுக்கி தரையில் விழுந்துவிட்டால் பலர் பதறி எடுத்துத் துடைத்து மீண்டும் பயன்படுத்துவர். அத்துடன் மதிப்பெண் போயிற்று. விழுந்தது விழுந்ததுதான். அதனை உரிய பையில் இட்டு, கையைத் தூய்மை செய்து, வேறோர் இடுக்கியை எடுத்தல் வேண்டும். ஆகவே இடுக்கி இரண்டு கொண்டு செல்க. பேச்சின்றிச் செய்யும் வேலையில் ஒழுங்கே பேசும். வீட்டில் நாள்தோறும் ஒருமுறை, கடிகாரம் வைத்து, முழுவதையும் முதலிலிருந்து செய்து பழகுதலைத் தவிர வேறு வழியில்லை.

நம் நாட்டுக் கலையொன்று அங்கே நீதிமன்றம் ஏறிய வரலாறும் உண்டு. நூலைப் பல்லிலும் விரலிலும் பிடித்துப் புருவம் திருத்தும் தொழிலுக்கு டெக்ஸஸ் மாநிலத்தார் 750 மணி நேரப் பயிற்சியும் லைசென்ஸும் வேண்டுமென்றனர். அஷீஷ் பட்டேல் முதலியோர் வழக்காடினர். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் அம்மாநில உச்ச நீதிமன்றத்தார், அம்மணிகளில் 320 வரையில் நூல் கொண்டு செய்யும் வேலைக்கு யாதொரு தொடர்பும் அற்றவையென்று கண்டு, அக்கட்டளை செல்லாதென்று தீர்த்தனர். கலிபோர்னியாவிலும் நூல் வேலைக்கு மட்டுமாயின் லைசென்ஸ் வேண்டுவதில்லை. ஆதலின், முழுப் பரீட்சைக்குப் பொருளும் காலமும் இல்லாத பெண்கள் முதலில் நூல் வேலையில் இறங்கிப் பின் படிக்கலாம். ஆயினும் நூலோடு நின்றுவிடுவார்க்கு ஊதியமும் அவ்வளவோடு நிற்கும் என்பதையும் மறவற்க.

கலிபோர்னியாவில் ஸ்பானிஷ், வியட்நாமியம், கொரியம் முதலிய மொழிகளிலும் இப்பரீட்சை எழுதலாம். தமிழில் இல்லை. வியட்நாமியர்க்கு அவ்வாய்ப்பு வானத்திலிருந்து விழவில்லை. 1975ஆம் ஆண்டில் போரால் நாடிழந்து வந்த வியட்நாமியப் பெண்டிரைச் சாக்ரமெண்டோ நகருக்கு அண்மையில் தங்க வைத்திருந்தனர். திப்பி ஹெட்ரன் என்னும் சினிமா நடிகை அங்கே சென்றபோது, அவர்கள் தம் நகங்களை வியந்து நோக்குவதைக் கண்டு, தமக்கு நகம் திருத்துபவளையே அழைத்து வந்து 20 பெண்களுக்கு அத்தொழிலைக் கற்பிக்கச் செய்தனர். அவர்கள் லைசென்ஸ் பெற்றனர். தம் உறவினர்க்குக் கற்பித்தனர். இன்று அந்நாட்டு நக அலங்காரத் தொழிலில் பெரும்பகுதி அவ்வினத்தார் கையில் இருக்கின்றது. ஒருவர் கற்றதை மற்றொருவர்க்கு மறைக்காமற் சொல்லிக் கொடுத்தமையே அவர்தம் முதல். நம்மவரோ, தாம் தேறிய குறிப்பேட்டை உறவினர்க்குக் காட்டவும் தயங்குகின்றோம்.

பணம் கட்டுமுன் ஆராய வேண்டுவன சில. பள்ளிச் சம்பளம் பல ஆயிரம் டாலர் ஆகும். லைசென்ஸ் பெறுதல் வேறு. வேலை செய்ய அனுமதி பெறுதல் வேறு. கணவனைச் சார்ந்து சிலவகை விசாவிற் சென்ற பெண்ணுக்கு மாநிலத்தார் லைசென்ஸ் தரலாம். ஆனால் மத்திய அரசாங்கத்தின் வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் அவள் ஊதியம் பெறுதல் குற்றமாகும். கணவனது நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் குறித்ததொரு படியைக் கடந்திருந்தாலே மனைவிக்கு அச்சீட்டுக் கேட்க 2015ஆம் ஆண்டு விதி இடந்தந்தது. ஆதலின் முதலில் சட்டம் அறிந்தாரைக் கேட்டுப் பின் பள்ளிக்குப் பணம் செலுத்துக. பள்ளி, மாநிலத்தாரின் அங்கீகாரம் பெற்றதா, இடையில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்பனவற்றை எழுத்திற் பெறுக. கலிபோர்னியாவில் 17 வயதும் பத்தாம் வகுப்புக்கு ஈடான படிப்பும் வேண்டும். இங்கிருந்து செல்லும்போதே பள்ளிச் சான்றிதழ்களை எடுத்துச் செல்லுதல் அலைச்சலைக் குறைக்கும்.

படிக்கத் தொடங்கும் நாளில் பாடப்புத்தகத்தைத் திறக்குமுன், பரீட்சை நடத்துவோர் விலையின்றி வெளியிடும் தகவல் ஏட்டைப் படிக்க. எப்பகுதிக்கு எவ்வளவு பங்கு என்பது அதில் அச்சாகியிருக்கும். மிகுதியான பங்குள்ள பகுதிக்கு மிகுதியான நாள் ஒதுக்குக. எம் மருமகள் முதன்முறை ஒப்பனைப் பாடத்தில் மூன்று வாரம் செலவிட்டனள். அது அவளுக்குப் பிடித்த பாடம், அவ்வளவே. மாதிரி வினாக்களைச் செய்தபின், தவறியவற்றை மட்டும் ஒரு தனி ஏட்டில், ஏன் தவறியது என்ற காரணத்தோடு எழுதி வருதல் வேண்டும். அவ்வேடு நாளுக்கு நாள் மெலிந்து வருமாயின் பரீட்சைக்கு நாள் குறிக்கலாம். பரீட்சையன்று அடையாளச் சீட்டிலுள்ள பெயரும் விண்ணப்பத்திலுள்ள பெயரும் எழுத்துக்கெழுத்து ஒத்திருத்தல் வேண்டும். தந்தை பெயரைத் தலையெழுத்தாய்க் கொள்ளும் நம்மவர்க்கு இதில் வரும் குழப்பம் சிறிதன்று. விண்ணப்பிக்கும் நாளிலேயே கடவுச்சீட்டைப் பார்த்து எழுதுக. தவறினால் மீண்டும் கட்டணம் செலுத்தி எழுதலாம். தேறியபின் கலிபோர்னியாவில் இரண்டாண்டுக்கொருமுறை லைசென்ஸைப் புதுப்பித்தல் வேண்டும்.

எம் மருமகளும் யாமும் தொகுத்த தமிழ்ச் சொற்பட்டி ஒன்று, ஏறக்குறைய 340 சொற்களுக்குப் பகுதி விகுதியும் பொருளும் எழுதியது, நம் சங்க வாசகசாலையில் வைக்கப்பட்டுள்ளது. வேண்டுவோர் படியெடுத்துக் கொள்ளலாம். ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் யாமும் அங்கே இருப்போம். பெண்மக்கள் அங்கிருந்து கேட்கும் ஐயங்களைப் பெற்றோர் எழுதிக் கொண்டுவரின், தெரிந்தவற்றை அன்றே கூறுவோம். தெரியாதவற்றை அவளிடம் கேட்டு அடுத்த ஞாயிறு கூறுவோம்.